மாமா அனுப்ப வேண்டிய டிக்கெட்

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகுதான் எனக்குப் பேனா பிடிக்கக் கை கிடைக்கிறது. நாங்கள் இங்கே நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ, ஏனென்றால் உன்னை நேரில் பார்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் என்ன என்பாய். போனை எடுத்தால் உன் மருமகள் சுண்டு பிடுங்கிக்கொண்டு, "மாமா, டிக்கெட் போட்டாச்சா?" என்கிறாள். நீயும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். அதற்கப்புறம் இங்கே குடித்தனம் நடத்துகிறவள் நான்.

உன் பிரஸ்ஸில் விண்வெளிப் பயணப் புகைப்படப் புத்தகம் அச்சாகிறது, மை சரியாக விழாத தாள்களை எறிவானேன் என்று சுருட்டி அனுப்பினாய். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஹால் சுவர் முழுக்க ஒட்டினோம். ஒட்டின பிறகுதான் பார்க்கிறோம், பாதிப் படங்கள் தலைகீழ். "உங்கண்ணனுக்கு நேரா அச்சடிக்கவே தெரியாதா?" என்றார் இவர். மடிச்சா சரியாகிடும், பிரஸ்ஸில் அப்படித்தான் அடிப்பார்கள் என்று உனக்காக வக்காலத்து வாங்கினேன். இவர் தாளைப் பிடுங்கித் திருப்பி ஒட்டினார், இப்போது மற்ற பாதி தலைகீழ். ஒரு படத்தில் மூன்று பேர் மிதக்கிறார்கள், இருவர் தலை ஒரு பக்கம், ஒருவர் தலை எதிர்ப்பக்கம். அதை எப்படி ஒட்டுவது என்று நாங்கள் சண்டை போட, சுண்டு நடுவில் வந்து, "அங்க மேல கீழயே கிடையாதும்மா, ஏன் கத்தறீங்க?" என்றாள். அங்கே இல்லாதது இங்கே மட்டும் எதற்கு என்று, அன்று மாலை அவள் சோபாவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பால் குடித்து, பாதி மூக்கு வழியாக வந்து, அந்தக் கதையை விடு.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். காப்பீட்டு ஆபீசில் விபத்து மனுக்களைப் படிப்பது. ஸ்டூல், ஏணி, ஈரத் தரை, மனிதர்கள் எதிலிருந்தெல்லாம் விழுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ராக்கெட்டிலிருந்து விழுந்தவர் மனு இன்னும் என் மேசைக்கு வரவில்லை, என் மகள்தான் முதல் ஆளாக இருப்பாள் போலிருக்கிறது. இதில் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா வேறு, "லிஃப்ட் கீழ கிளம்பும்போது வயிறு லேசாகுதுல்ல? அதான்டா முதல் பாடம்" என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். மழைக்கோட்டு, தலையில் அப்பாவின் வேலை ஹெல்மெட், நாள் முழுக்க லிஃப்டிலேயே பயிற்சி. அவள் பின்னாலேயே நானும் ஏறி இறங்கி, எனக்குத் தலை சுற்றி, மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் இருக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளர் லிஃப்டில் ஏறியிருக்கிறார். அவரை வெளியே விடவில்லையாம். "கதவைத் திறந்தா காத்தெல்லாம் போயிடும் தாத்தா, மூச்சுப் பிடிச்சுக்கோங்க." அவரும் மேலும் கீழுமாகப் போய்வந்துவிட்டுக் கோபமாக நம் வீட்டுக்குப் புகார் சொல்ல வந்தார். "பிள்ளைய வளர்க்கறீங்களா, இல்ல..." என்று ஆரம்பித்தவர் சுவரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார். நான் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டும் வரைக்கும் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல எது மேல?" என்றார். போகும்போது சுண்டுவிடம், "டிக்கெட் வந்தா சொல்லு, வழியனுப்ப வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்! வந்த வேலையே மறந்துபோய்விட்டது மனிதருக்கு.

பொம்மையை வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றிப் பயிற்சி கொடுத்ததில் அதன் வயிறு கிழிந்து, நான் ஆபீசுக்குப் போடும் துணியெல்லாம் பஞ்சு. "வட்ட ஜன்னல் வழியா பாத்தேன்மா, சூப்பரா மிதந்துச்சு." அன்று மேலாளர் என் தோளில் இருந்த பஞ்சை எடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் போகட்டும். தாள் ஓரத்தில் பென்சிலால் எழுதினாயே, "அடுத்த ராக்கெட்டில் என் மருமகளுக்கு ஒரு சீட்டு, டிக்கெட் தபாலில் வரும்" என்று, அதைத்தான் கேட்கிறேன். உனக்கு அது விளையாட்டு. அவள் பை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். காலிங்பெல் அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். இன்று கூரியர்காரர் அவள் அப்பாவுக்கு ஏதோ உதிரி பாகம் கொண்டுவந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள். அவர் பாவம், தன் பையைக் கவிழ்த்தே காட்டினார். "பரவாயில்ல அங்கிள், நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்று அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா இல்லாம அங்க இருந்துடுவியா?" என்று கேட்டேன். "உனக்கு பஸ்லயே வாந்தி வருமே" என்றாள். (நீதான் சொல்லிக்கொடுத்திருப்பாய். சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை நீ பிடித்துக்கொண்டதால்தான் உன் புதுச் சட்டை போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னாயா?) "ஆமாம், அப்ப நான் எப்படி வர்றது?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, "சரி" என்று கையைக் கழுவப் போய்விட்டாள். ஐந்து வயதில் என்னை விட்டுவிட்டுப் போகத் தயார், அண்ணா.

அந்தப் படங்களை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. ஒருவர் ஒரே ஒரு கயிற்றோடு தனியாக மிதக்கிறார், கீழே நீலமாக உலகம். சிவப்பு மை விலகினதில் அவருக்கு இரண்டு விளிம்பு, நடுங்குவதுபோல் இருக்கிறது. "அவருக்குக் குளிருதும்மா" என்கிறாள் சுண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நின்று நேற்றுப் பாலைப் பொங்கவிட்டேன். அங்கே தரையே கிடையாதாமே, பெருக்க வேண்டாம்.

ஆனால் இது வளர விடக்கூடாது. டிக்கெட் கிடையாது, மாமா சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று உன் கையால் அவளுக்கு எழுது. நானே சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. இனிமேல் தாளும் அனுப்பாதே. அண்ணிக்கு என் அன்பு. அவர் முழங்கால் வலிக்குப் படி ஏற வேண்டாம் என்று சொல். நீ மையையும் நாக்கையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இரு.

உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். பைக்குள் வாழைப்பழம் வைத்திருந்தாளே, எறும்பு வருமே என்று திறந்தேன். அவள் சட்டை ஒன்று, அந்தக் கிழிந்த பொம்மை. அதற்குக் கீழே, நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கும் என் நீல ஸ்வெட்டர். என் பழைய மூக்குக்கண்ணாடி. கைக்குட்டையில் முடிந்து, என் பஸ் வாந்தி மாத்திரை. கூடவே ஒரு கத்தை பிளாஸ்டிக் கவர். மருந்து அலமாரி எட்ட ஸ்டூல் போட்டுத்தான் ஏறியிருப்பாள், அதற்குக் காலையில் திட்டுகிறேன். அவள் சொன்ன "சரி" இதுதான் போலிருக்கிறது, அண்ணா.

மேலே எழுதினதையெல்லாம் படிக்காத மாதிரி விட்டுவிடு. டிக்கெட் கிடையாது என்று எழுதாதே. ராக்கெட் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும் என்று எழுது. இரண்டு சீட்டு என்று தெளிவாக எழுது. ஜன்னல் ஓரம் எனக்கு, ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கயிற்றுக்காரர் படத்தில் மை விலகாத தாள் ஒன்று இருந்தால் எடுத்துவை. சீக்கிரம் பதில் போடு.