வெயிலில் விளையும் ஆங்கிலம்

துணி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். துணிக்குள் மனிதர்களும் சேர்ந்து காய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் கடைத்தெருவில் இருந்த அந்த மூன்றடுக்கு மாடிக்குத்தான் போக வேண்டும். உச்சி வெயிலில், செருப்பில்லாமல், தொப்பியில்லாமல், மூளையும் இல்லாமல், ஊரில் பாதிப் பேர் அங்கே வரிசையாக நின்றார்கள்.

விஷயம் இதுதான். கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் திறந்திருந்தது. அங்கே வரும் விருந்தாளிகள் மணலில் படுத்துத் தோலைச் சுட்டுக்கொள்வார்கள். வெயில் புண்ணுக்கான இயற்கை மருந்துகளை அவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. வேலை வந்தது ஒரு நாள், வெயில் வாத்தியார் வந்தது மறுநாள்.

"இங்கிலீஷ்காரன் ராஜ்யத்துல சூரியன் மறையவே இல்லைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஏன் மறையலை? பாடம் கேட்டுக்கிட்டு நின்னுது! அத்தனை இங்கிலீஷும் இப்ப சூரியனுக்குள்ள இருக்கு. நீங்க தோலைக் காட்டுங்க, அதுவா உள்ள இறங்கும்!" என்றார் அவர்.

தோல் சிவந்தால் சொற்கள் இறங்குகின்றன. கொப்பளித்தால் வாக்கியங்கள். உரிந்தால் இலக்கணம் முடிந்துவிட்டது என்று பொருள். எரிச்சல் தாங்காதவர்களுக்கு மாடிப்படியின் அடியிலேயே வாத்தியாரின் மனைவி கற்றாழைக் களிம்பு விற்றாள். சுடுவதற்குக் கணவனிடம் கட்டணம், ஆற்றுவதற்கு மனைவியிடம் கட்டணம். அடுப்புக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

சூரியனை மகிழ்விக்க ஒரு மந்திரம் வேறு. "அலோ வேரா... குக்கும்பர்... ஹனி... ஓட்ஸ்... கோல்ட் வாட்டர்..." என்று ஒலிபெருக்கி காலை முதல் மாலை வரை அலறியது. வெயில் தாழ்ந்ததும் அற்புதம். வெந்துபோன ஒருவரை மேடையேற்றிக் கண்ணைக் கட்டுவார்கள். வாத்தியார் தட்டிலிருந்து கிண்ணங்களை ஒவ்வொன்றாக உயர்த்த, அவரோ பார்க்காமலே ஆங்கிலத்தில் பெயர் சொல்வார். கூட்டம் கைதட்டும். தட்டும் கையும் வெந்திருக்கும், ஆனாலும் தட்டும்.

ஜவுளிக்கடைக்காரர் இரண்டு முறை கைதட்டியவர். துணி அளக்கும் கோலை விழுங்கியவர் போல நிமிர்ந்த முதுகு. அவருடைய தம்பி வீட்டு மருமகள் ஒரு வாரம் வெயிலில் நின்று சிவந்திருந்தாள். தன் வீட்டு மருமகளோ வெள்ளரிக்காயைக் கையில் பிடித்து அதன் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள், தேன் குப்பியில் பெயர் எழுதி ஒட்டுவாள், பக்கத்து வீட்டு நர்ஸிடம் பேசிப் பழகுவாள். அதுவும் நிழலில் உட்கார்ந்து! வேலை தம்பி வீட்டுக்குப் போனால் கடைத்தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?

"நாளன்னைக்கு நேர்காணல். நாளைக்குக் காலையில நீ மாடியேறணும்மா," என்றார்.

"மாமா, மூஞ்சி உரிஞ்சுபோய் நின்னுக்கிட்டு வெயில் புண்ணுக்கு மருந்து சொன்னா யாரு நம்புவாங்க? வேலை போயிடும்."

"ஊரே நம்புதே!"

"ஊரு நேத்து வேற எதையோ நம்புச்சு."

"பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே. இன்னிக்கு நான் வெயில்ல நிக்கறேன். சாயங்காலம் மேடையில நான் சரியாச் சொல்லிட்டா, நாளைக்கு நீ ஏறணும்."

"தப்பாச் சொன்னா?"

"இந்த வீட்ல யாரும் தப்பாச் சொன்னதில்லை."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, குடையையாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துப் போனார். மாடியில் அதை மடக்கி மூலையில் வைக்கச் சொல்லிவிட்டார், பந்தலுக்குள் நின்றிருந்த வாத்தியார்.

மாலையில் ஜவுளிக்கடைக்காரர் மேடையேறியபோது, சாயத்தில் முக்கி எடுத்த துணி மாதிரி இருந்தார். கண்ணைக் கட்டினார்கள். காதுக்குள் ஒலிபெருக்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி வருவதற்கு முன்பே பதில்கள் நாக்கில் வரிசை கட்டி நின்றன. ஆஹா, சூரியன் உள்ளே வந்துவிட்டான் என்று பூரித்துப் போனார்.

அப்போது மருமகளின் குரல் கேட்டது.

"வாத்தியாரய்யா, ஒரு சின்ன ஆசை. இன்னிக்குக் கிண்ணத்தை நான் எடுத்துக் காட்டட்டுமா? எங்க மாமாவாச்சே!"

வாத்தியார் தயங்கினார். "காட்டட்டும், காட்டட்டும்!" என்று கூட்டம் கத்தியது. தான் வளர்த்த கூட்டம், என்ன செய்ய முடியும்?

"மாமா, இது என்ன?"

"அலோ வேரா!" என்றார் கம்பீரமாக.

கைதட்டல் வரவில்லை. அவள் கையில் இருந்தது தேன்.

"இது?"

"குக்கும்பர்!"

அது தண்ணீர்ச் செம்பு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பியாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"கடைசியா இது, மாமா."

"ஹனி!"

மாடியே அதிரச் சிரித்தது. அவர் கண்கட்டை அவிழ்த்தார். மருமகள் அவருடைய சொந்தக் குடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணன் குடையை நக்கிப் பார்த்திருக்கார்டோய்!" என்றான் தம்பி.

"குடையோட நிழல் பட்டுச்சு, அதான் சக்தி கலைஞ்சு போச்சு," என்றார் வாத்தியார் அவசரமாக.

ஜவுளிக்கடைக்காரருக்கு முகம் எரிந்தது. இது வெயில் எரிச்சல் இல்லை. கீழே இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் வளைந்து பழகாத முதுகு அது. நிமிர்ந்தே நின்றார்.

"சிரிங்கப்பா. ஏமாந்தது நான்தான். காலையிலேருந்து அந்த வரிசையைக் கேட்டேன், அதே வரிசையை ஒப்பிச்சேன். இவரும் தினம் அதே வரிசையிலதான் கிண்ணத்தைத் தூக்கறாரு. நீங்க கைதட்டறீங்க. நானும்தான் தட்டினேன்." பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். "எங்க கடைக்கு வர்றவங்க, துணியோட நிறத்தை வாசல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவாங்க. நீங்களும் கொஞ்சம் பந்தலை விட்டு வெளிய வாங்க, பார்க்கலாம்."

எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். ஊரையே வெயிலில் நிறுத்திய மனிதரின் உடம்பில் வெயில் பட்ட சுவடே இல்லை. தினமும் பந்தலுக்குள், மின்விசிறிக்குக் கீழே நின்றுதான் சூரியனின் பெருமையைப் பேசியிருக்கிறார்!

"அப்ப உங்களுக்கு எப்படிய்யா இங்கிலீஷ் வந்துச்சு?" என்று முதுகு உரிந்த முடிதிருத்துபவர் கேட்டார். வந்தால்தானே பதில் சொல்ல? ஐந்து மருந்துக்கு மேல் ஆறாவது சொல் வாத்தியாருக்குத் தெரியாது. அவருடைய மனைவி எப்போதோ களிம்பு டப்பாக்களை மூட்டை கட்டியிருந்தாள். குடும்பத்தில் அவள்தான் படித்தவள் போலிருக்கிறது.

படியிறங்கும்போது, "உன் மருமக ஊர் நடுவுல உன் மானத்தை வாங்கிட்டாளே, அண்ணே," என்று தம்பி வருத்தப்படுவது போலச் சொன்னான்.

"எங்க வீட்டு மானம் என் முதுகுல இருக்குன்னு நினைச்சிருந்தேன். அது அவ தலைக்குள்ள இருக்குடா. பத்திரமா இருக்கு."

வீட்டில் மருமகள் ஈரத்துணியால் அவர் தோளை ஒற்றினாள். கற்றாழைச் சோற்றைத் தடவினாள். வெள்ளரிக்காயை அவர் கையில் கொடுத்துப் பெயர் கேட்டாள். இம்முறை சரியாகச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு.

நேர்காணலில் மருந்துகளை எல்லாம் அழகாகச் சொன்ன அவளிடம், "எல்லாவற்றையும்விட நல்ல மருந்து எது?" என்று கேட்டார்களாம். "நிழல்" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். வேலை கிடைத்துவிட்டது.

ஆகவே பெரியோர்களே, உடம்பை நிழலில் வையுங்கள். மூளையை மட்டும் அவ்வப்போது வெயிலில் போடுங்கள். பூசணம் பிடித்துக் கிடக்கிறது.