தண்ணீர் குடிக்கும் படகு

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் தம்பி நலம், நலமில்லாமல் கிடப்பது படகு ஒன்றுதான். அங்கே நீங்களும் அண்ணனும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டு எழுத ஒரு மாதமாக நினைக்கிறேன், இந்தப் படகு என்னை எதையும் ஒழுங்காக நினைக்க விடுவதில்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சம்மதப் பத்திரம் வைத்திருக்கிறேன். மாமா விட்டுப்போன மீன்பிடிப் படகை விற்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அதில் இருக்கிறது. படகு உங்கள் பேரிலும் உங்கள் தம்பி பேரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. நீங்கள் போட்டுவிட்டால் அவரும் போட்டுவிடுவார், அக்கா சொல்லை என்றைக்குத் தட்டியிருக்கிறார்? வாங்குவதற்கு ஆளும் தயார். கடற்கரைச் சாலையில் புதிதாக ஓட்டல் கட்டுகிற முதலாளி, படகை வாசலில் நிறுத்தி மண் நிரப்பிப் பூச்செடி வைக்கப் போகிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அப்பா படகில் பூச்செடியா என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். நடந்ததையெல்லாம் படித்துவிட்டு அப்புறம் வருத்தப்படுங்கள்.

தையல் கடையை மூடிய மறுவாரம் ஆரம்பித்தது இது. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே எலுமிச்சம்பழம் கேட்கிற மனிதர், ஒருநாள் காலையில் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் படகுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். பழைய ஆர்டர் நோட்டில் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, மொத்த நீளம் இவ்வளவு என்று எழுதியிருந்தார், நானே பார்த்தேன். படகு வேலைக்கு ஒரு மேஸ்திரியைப் பிடித்து வந்தார். கெட்டிக்கார மனிதர்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவரிடம் போய் உங்கள் தம்பி, புதுப் பலகை அறுக்கும்போது பின்னால் பிரித்து விடுவதற்கு வசதியாக உள்ளே இரண்டு அங்குலம் விட்டு அறுக்கச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவியிருக்கிறார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவரே அறுத்துவிட்டார். ஏழு பலகை, அண்ணி. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மூன்று நாள் இழைத்து இழைத்துக் குறைத்தார்கள். வீடு முழுக்க மரத்தூள், தலையணையை உதறினால்கூட மரத்தூள்.

அப்புறம் மீன் போட்டு வைக்கிற அறையைப் படுக்கை அறையாக மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தார். நாற்பது வருஷ மீன் வாசனை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் போய்விடுமா? தேய்க்கத் தேய்க்க அது விழித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனது. பூனைகள் வந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. படகைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து, எப்போது பரிமாறுவீர்கள் என்கிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கழற்றிய இன்ஜினை வைக்க வேறு இடமே இல்லாமல் எங்கள் கூடத்தில் வைத்திருக்கிறார். அசிங்கமாக இருக்கிறதே என்றேன், உடனே அதற்கு நாலு பக்கமும் சுருக்கு வைத்து ஓர் உறை தைத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, புது ஃபிரிட்ஜா என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல, ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாள் பாத்திரத்தோடு ஐஸ் கேட்டு வந்து நிற்கிறார்.

இதையெல்லாம் கேட்டு நாலு வார்த்தை நறுக்கென்று விடவேண்டும் என்றுதான் தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகைக்குப் போவேன். ஏணியில் ஏறி உள்ளே போய் உட்காருவேன். மேலே கட்டியிருக்கிற நீலத் தார்ப்பாய் வழியாக வெயில் இறங்கி, உள்ளே எல்லாமே நீலமாக இருக்கும், என் கை, தூக்கு, தண்ணீர்ச் செம்பு எல்லாம். வெளியே மேஸ்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும், கரையில் அலை வந்து வந்து போகிற மாதிரியே. புது வார்னிஷ் வாசனை, அதற்கு அடியில் பழைய மீன் வாசனை, அதற்கும் அடியில் ஏதோ ஒரு ஈர வாசனை. எந்த வார்த்தையில் திட்ட ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பேன். கண்ணை மூடினால் படகு மெல்லக் கிளம்பிவிடும். கொட்டகையை விட்டு, தெருவை விட்டு, நம் மொட்டைமாடியில் நான் காயப்போட்ட துணிக்கு மேலேயே ஒரு சத்தமும் இல்லாமல் போகும். நான் எட்டி ஒரு துண்டை எடுத்துக்கொள்வேன். விழித்துப் பார்த்தால் சாயங்காலம் ஆகியிருக்கும், தலைக்குக் கீழே யாரோ பஞ்சு மூட்டையை வைத்திருப்பார்கள். இப்படிப் பதினைந்து நாள் போனது. ஒருநாள்கூடத் திட்டவில்லை. ஒருநாள் மட்டும், இதையெல்லாம் செய்து எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கரையில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாத தூரம் வரைக்கும் போய் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. உக்காந்திருப்போம்."

கேட்டீர்களா அண்ணி, ஒன்றும் இல்லையாம். இந்த ஒன்றுமில்லாததற்குத்தான் வீடு முழுக்க மரத்தூள்.

முந்தாநாள் உருளைக்கட்டை போட்டுத் தள்ளிப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். புது வர்ணத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஜன்னல்களுக்கு அவரே தைத்த வெள்ளைத் திரை. இவர் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பத்தடி போயிருக்கும். படகு ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் அவசரமே இல்லாமல், வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காருகிற மாதிரி, அப்படியே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு பலகைச் சந்திலும் தண்ணீர். ஜன்னல் வரைக்கும் தண்ணீர். திரை உள்ளும் வெளியுமாக மிதக்கிறது, அதை ஒதுக்கிக்கொண்டு சின்னச் சின்ன மீன்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி போய்வருகின்றன. நான் கரையில் நின்று, எல்லாம் போச்சே என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். மேஸ்திரி அன்றைக்கான வார்த்தையை அப்போதுதான் செலவு செய்தார். "குடிக்கட்டும்மா" என்றார். கரையில் நின்ற மீனவர் ஒருவர்தான் அதற்கு அர்த்தம் சொன்னார்: வருஷக்கணக்காகக் காய்ந்த மரமாம், நாலு நாள் தண்ணீரில் ஊறினால் பலகை உப்பி, சந்தெல்லாம் தானாக மூடிக்கொள்ளுமாம். முழுகின படகுக்கு இப்படி ஒரு சமாதானம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

உங்கள் தம்பி அதை அப்படியே நம்பிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. துணி நனைந்தால் சுருங்கும், மரம் நனைந்தால் பெருக்கும், இதுகூடத் தெரியாதா என்று என்னையே கேட்கிறார். கேட்டுவிட்டு மறுபடியும் அளவு நாடாவைப் பிடித்துத் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறார். அண்ணி, என் பயம் படகைப் பற்றி இல்லை. நாலு நாள் கழித்தும் அது எழும்பாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? சின்ன வயதில் மாமா கடலுக்கு அழைத்துப்போய், இவர் வாந்தி எடுத்து, நீ இதற்கு லாயக்கில்லை என்று இறக்கிவிட்டாராமே. அதை இன்னொரு தடவை, அதுவும் படகே சொல்லி, அவர் கேட்க வேண்டாம். அதற்குள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அடம்பிடித்து விற்கவைத்துவிட்டோம் என்று ஆகட்டும். நம்மேல் கோபப்படட்டும், பத்து நாள் பேசாமல் இருக்கட்டும், தாங்கிக்கொள்ளலாம். ஓட்டல்காரருக்குப் படகு ஒழுகினாலும் பரவாயில்லையாம், செடிக்கு ஓட்டை இருப்பது நல்லதுதானாம். தயவுசெய்து உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: இதை எழுதி நாலு நாள் ஆகிறது. தபாலில் சேர்க்க நேரமில்லை, ஏனென்றால் நானும் கரையில்தான் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் வாளி வாளியாக இறைத்தோம். இறைக்க இறைக்க உள்ளே தண்ணீர் குறைந்ததே தவிரத் திரும்பி ஏறவே இல்லை. படகு எழும்பி நின்றது, அண்ணி. இன்ஜினையும் மாட்டியாகிவிட்டது, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலையில் போனோம். கரை தாண்டியதுமே உங்கள் தம்பிக்குத் தலை சுற்றிப் படுத்துவிட்டார், மேஸ்திரி கையைக் காட்டக் காட்ட நான்தான் ஓட்டினேன், எனக்கு நன்றாகவே வருகிறது. சத்தம் கேட்காத தூரத்தில் இன்ஜினை நிறுத்தினேன். மேஸ்திரி முன்பக்கம் போய்த் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். இவர் மெல்ல எழுந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். உங்களுக்குத் தெரியுமே, கடையில் முப்பத்தாறு வருஷம் அவர் மிஷின் தெருவைப் பார்த்து, என் மிஷின் சுவரைப் பார்த்து, முதுகோடு முதுகாகத்தான் வேலை செய்தோம். வெகுநேரம் என்னையே பார்த்தார். "கன்னத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?" என்றார். பிறந்ததிலிருந்து இருக்கிறது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அலையில் தெறித்தது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அலையே இல்லை. பத்திரத்தைக் கிழித்துவிட்டேன், உறைக்குள் தேடாதீர்கள். நாளைக்கும் போகிறோம், அவர் இன்னும் என் இடது பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.