எங்கள் வீட்டுச் சூரியனுக்கு லீவு

தனியாக இருப்பவர்களுக்கு வாய் நீளம். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டோம். அந்த ஆள் சொல்வதைக் கேட்கவும் மாட்டோம். இதை நான் ஒப்புக்கொள்வதற்கு அறுபத்தோரு வயதும் அக்னி நட்சத்திரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையும் தேவைப்பட்டன.

அரக்கோணம் ஸ்டேஷனில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவள் நான். கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக நாள் முழுக்க முகங்கள் வந்துகொண்டே இருக்கும். "போர்டுல எழுதிக் கீதே, படிக்கத் தெரியாதா?" என்று நான் எரிந்து விழாத பயணி தமிழ்நாட்டிலும் இல்லை, ஆந்திராவிலும் இல்லை. ரிட்டயர் ஆன மறுநாள் திருத்தணி வீட்டில் நான் பேசிய ஒரே பேச்சு, பால்காரரிடம் "அரை லிட்டர்". கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போய்விட்டார்கள். தம்பி புனேயில். கிருத்திகைக்குக் கிருத்திகை ஊர் உலகமே மலைக்கு வருகிறது, மொட்டையும் சந்தனமுமாக என் தெரு வழியாகத்தான் போகிறது. அதில் என் கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. "பாத்ரூம் எங்கம்மா கீது?" என்று கேட்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்தது. ஓடு மாற்ற ஆள் தேடியபோது, ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஃபிட்டர் பாபு, ஓடே கரண்ட் தயாரிக்கும் என்றார். கூரைமேல் பேனலைத் தூக்கி வைக்கவேண்டாம், சோலார் ஓட்டையே கூரையாக வேய்ந்துவிடலாமாம். எனக்கு ஓடும் முக்கியமில்லை, கரண்டும் முக்கியமில்லை. ஆறு நாள் வேலை என்றார் பாருங்கள், அதற்குத்தான் சரி என்றேன்.

அந்த ஆறு நாளும் எனக்குத் தீபாவளி. கூரையில் நாலு பேர், வாசலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எதிர்வீட்டு தனலட்சுமி முதல்முறையாக என் சமையலறைவரை வந்தாள். கடைசி நாள் பாபு, ஹால் சுவரில் மாட்டிய சோலார் பெட்டியைக் காட்டி என்னவோ முக்கியமாகச் சொன்னார். நான் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டே "ஆங்... ஆங்..." என்றேன். அவரும் நம்பி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். சுவர் அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதன்மேல் முருகன் காலண்டரை மாட்டிவிட்டேன்.

ஏழாம் நாள் வாசல் காலி. சோலார் ஓட்டில் ஒரு குறை, அது பார்க்க ஓடு மாதிரியே இருக்கும். ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எவ்வளவு கரண்ட் தயாராகிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் திறந்தால் 'குட் மார்னிங்' என்று வரும். (பதிலுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.)

அதனால் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். ரேஷன் கடை வரிசையிலும் காய்கறி வண்டியிலும் ஒரே பாட்டு: ஊருக்கே கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும், வந்து பாருங்கள்.

ஓடு வேய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவரை பகலில் ஒருமுறைகூடக் கரண்ட் போகவில்லை. அந்த மே மாதம் தனலட்சுமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று தகவல் வந்ததும் தனலட்சுமி ஓடிவந்தாள்.

"அக்கா, கொழந்தய அன்னிக்கு உங்கூட்ல வெச்சிக்கலாமா? இந்த வெயில்ல அது தாங்காதுக்கா."

என்னிடம் ஒருத்தர் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று! (டிக்கெட் கணக்கில் வராது.) தெருவையே கூட்டிக்கொண்டு வா என்றேன்.

வந்தார்கள், பதினோரு பேர். வாடகை நாற்காலி போட்டு, அண்டா நிறைய இட்லி அவித்து வைத்திருந்தேன். சட்னி மட்டும் அரைக்கவில்லை. கரண்ட் போன பிறகு எல்லோர் கண்முன்னாலும் மிக்ஸியில் அரைப்பதாகத் திட்டம். ஃபேனுக்குக் கீழே சேலையில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தோம். ஒன்பது மணிக்கு எழுந்து நின்று, "இப்ப பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி, நின்றது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். தனலட்சுமியின் வீட்டுக்காரர் முனுசாமி, லாரி ஓட்டுகிறவர், கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தார்.

"இன்னாக்கா, உங்கூட்டு சூரியனுக்கு இன்னிக்கு லீவா?"

நான் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினேன். மிக்ஸியைக்கூடத் தட்டினேன். அதற்குள் குழந்தை முகமெல்லாம் சிவந்து வீறிட ஆரம்பித்தது. விசிற எதையாவது கொடுங்கள் என்று தனலட்சுமி தவிக்க, முனுசாமி சட்டென்று சுவரிலிருந்து காலண்டர் அட்டையைக் கழற்றினார். பின்னால் பாபுவின் நோட்டீஸ், கொட்டை எழுத்தில்: 'கரண்ட் போனால் இதுவும் நிற்கும். பேட்டரி கிடையாது.'

அப்போதுதான் பாபு சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. லைனில் கரண்ட் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் வீட்டு ஓட்டிலிருந்து போகிற கரண்ட், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரை அடித்துவிடும். கரண்ட் போகிற நாளிலும் ஃபேன் சுற்றவேண்டுமானால் தனியாகப் பேட்டரி வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் நான் "ஆங்" போட்டிருக்கிறேன்.

"போர்டுல எழுதிக் கீதேக்கா" என்றார் முனுசாமி. முப்பது வருஷப் பயணிகளும் சேர்ந்து வந்து என்னைக் கேட்ட மாதிரி இருந்தது.

தெருக்கோடியில் டெய்லர் வீட்டில் பழைய இன்வெர்ட்டர் ஒன்று உண்டு. குழந்தைக்குத் துணி போர்த்திக்கொண்டு எல்லோரும் அங்கே ஓடினார்கள். யாரோ இட்லி அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குப் போக முகமில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். 'ஆஃப்லைன்' என்றது, அதுவும் என்னோடு பேசவில்லை. நாலு பேர் வரவேண்டும் என்கிற ஆசையில் பச்சைக் குழந்தையை வெயிலில் அலைய விட்டுவிட்டேனே என்று அழுதேன். வாய்விட்டே அழுதேன், கேட்கத்தான் யாரும் இல்லையே.

அரைமணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. பாத்ரூம் கேட்கிற ஆள் என்று நினைத்தேன். தனலட்சுமி.

"நீ இன்னாக்கா தனியா குந்திகினு கீற?"

"வெக்கமா கீதுடி."

"வெக்கம்லாம் அப்பால படலாம். கொழந்த தூங்கிடுச்சி. அம்மி எங்க? சட்னி இல்லாம அல்லாரும் இட்லிய மொறச்சி பாத்துகினு கீறாங்க."

கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி இரண்டு பேருமாக அரைத்தோம். என் கை அன்று முழுக்க எரிந்தது.

இன்றைக்கும் கரண்ட் போனால் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது என் வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, உங்கூட்ல கரண்ட் கீதா?" என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்பார்கள். முனுசாமி அந்தக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதுவும் மழலையில் வந்து கேட்கிறது. திட்டிக்கொண்டே அடுப்பில் டீக்கு வைப்பேன்.

ஓட்டைக் கழுவ வருஷா வருஷம் வருகிற பாபு, பேட்டரி போட்டுவிடலாமா என்று மறக்காமல் கேட்பார். இப்போதெல்லாம் அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன். கேட்டுவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறேன். பேட்டரி போட்டால் ஃபேன் நிற்காது. ஃபேன் நிற்காத வீட்டில் எவர் வந்து எதைக் கேட்பார்கள்?

ஃபேன் நின்றால் நான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன்.