நீர் விடும் கரடி

இந்த ஞாயிற்றுக்கிழமை உயிரே போனாலும் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் அவர் உதவியாளர். ஒரு நாளைக்கு நூறு கண்ணாடிக் குழாய் கழுவுவார். வீட்டில் தான் குடித்த தம்ளரைக் கழுவச் சொன்னால் மட்டும் கை சுளுக்கிக்கொள்ளும். இப்போது தகராறு கொல்லைப்புறத்தில். துணி துவைக்கும் இடம் முழுக்கப் பச்சைப் பாசி. ஈரத்துணி வாளியோடு மனைவி இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டாள். மூன்றாம் தடவை இடுப்பில் கைக்குழந்தை. நல்லவேளை, குழாயைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரமாக அவள் "தேய்ச்சுக் குடுங்க" என்கிறாள். ஆறு வாரமாக இவர் "அடுத்த வாரம்" என்கிறார்.

அன்று காலை பிரஷ்ஷை நீட்டினாள். ஐயா தயாராக இருந்தார்.

"அந்தப் பாசியில கை வைக்கக் கூடாது. உள்ளே நீர்க்கரடி இருக்கு."

"கரடியா? நம்ம கொல்லையிலயா?"

"கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கால். கொழுகொழுன்னு கரடி மாதிரியே நடக்கும்."

"அது நீர்க்கரடி இல்லீங்க. நீர் விடுற கரடி!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆய்வகத்தில் கேட்டு வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை எடுத்தார். நேற்றே ஊறவைத்த பாசியைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டார். தேய்த்திருந்தால் அரைமணி வேலை. தேய்க்காமல் இருக்க இரண்டு நாள் உழைத்திருக்கிறார் மனிதர்.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஆமாங்க! நம்ம பாப்பா தவழுற மாதிரியே தவழுது!"

அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதைப் போய் தேய்க்கச் சொல்றியே, பாவமில்ல?"

"பாவம்தாங்க. வெயில்ல காய்ஞ்சா செத்துடுமோ?"

"அதாவது சாகறதாவது! உருண்டையா சுருண்டு தூங்கிடும். வருஷக்கணக்கா தூங்கும். தண்ணி பட்டா எழுந்து நடக்கும்."

"ஐஸ்ல போட்டா?"

"ம்ஹூம்."

"கொதிக்கிற தண்ணி?"

"சுருண்டு கிடக்கிறப்போ அதையும் கொஞ்ச நேரம் தாங்கும். அவ்வளவு ஏன், ராக்கெட்ல ஏத்தி, காத்தே இல்லாத விண்வெளியில கொண்டு போய் விட்டாங்க. அங்கேயும் பிழைச்சுக்கிச்சு, தெரியுமா?"

மனைவி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"விண்வெளியிலயே சாகாதது, உங்க பிரஷ்ஷுலயா சாகப்போகுது?"

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டார். "முதுகு பிடிச்சிருக்கு" என்றார். நேரே கட்டிலுக்குப் போய், போர்வையை இழுத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிட்டார்.

அவள் வெளியே போனாள். ஜெயித்துவிட்டோம் என்று போர்வைக்குள் ஒரு சிரிப்பு. கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதே, அப்போதாவது உஷாராகியிருக்கலாம்.

ஒரு சொம்புத் தண்ணீர். தலையோடு.

"அடியே! என்னடி இது!" துள்ளிக் குதித்து நின்றார்.

"நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்தாங்க. தண்ணி பட்டதும் எழுந்துருச்சே! இனி நடக்கணும், அவ்வளவுதான்." பிரஷ்ஷைக் கையில் திணித்தாள்.

நடந்தார். குந்தினார். தேய்த்தார். பாவம் பார்த்து ஒரு கைப்பிடி பாசியைக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள் மனைவி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"எட்டுக்காலெல்லாம் சௌக்கியமா இருக்குங்க! ரெண்டுகாலுதான் மூலையைத் தேய்க்காம நழுவப் பார்க்குது!"