மதாமுக்கு மீன் பிடிக்கும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது சுத்தமாகக் கிடையாது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பிரெஞ்சு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக எடுத்துப் படித்த பிரெஞ்சு. தமிழ் எடுத்தால் ஒற்றுப்பிழைக்கெல்லாம் வெட்டுவார்கள், பிரெஞ்சு எடுத்தால் அள்ளிப் போடுவார்கள் என்று காரைக்காலில் ஒரு நம்பிக்கை. (அள்ளித்தான் போட்டார்கள். வினையே அதில்தான் வந்தது.) 'பூனை மேசைக்குக் கீழே இருக்கிறது', 'என் மாமா சந்தையில் மீன் வாங்குகிறார்' என்ற இரண்டையும் மூச்சு விடாமல் சொல்லுவேன். தருமபுரத்தில் எங்கள் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. 'எங்க மெர்சிக்கு பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், கருக்களாச்சேரி மீனவக் கிராமத்தில் ஒரு சின்ன சபைக்குப் போதகர். தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பெஞ்சு, அவ்வளவுதான் சபை. ஆனால் சாயங்காலத்தில் மீனவப் பிள்ளைகளுக்கு அவரும் அக்காவும் நடத்திய இலவச டியூஷனுக்குக் கூட்டம் அம்மும். தகரக் கூரைக்குள் இடம் போதாமல், ஊர்ப் பஞ்சாயத்தார் சமுதாயக் கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த பிறகு ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு. பாடம்தான் சொல்லித் தருகிறார்களா, வேறு எதுவுமா? அதிலும் பிரான்சிலிருந்து ஒரு மிஷனரி அம்மா வந்து சபைக்கு உதவியாக இரண்டு மாதம் தங்கவும், முணுமுணுப்பு கூடிவிட்டது.

அந்த அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் 'மதாம்'. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. டியூஷனில் ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவார், சொறி சிரங்குக்கு மருந்து போடுவார். கடைசியில் பஞ்சாயத்தார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் அந்த அம்மா கூடத்தில் வந்து பேசட்டும், என்னதான் சொல்கிறார் என்று ஊரே கேட்கட்டும், அதன் பிறகு கூடம் உண்டா இல்லையா என்று சொல்லுகிறோம் என்றார்கள்.

வழக்கமாக மொழிபெயர்க்கும் பெரியவருக்கு அன்றைக்கென்று காய்ச்சல். அத்தான் என்னிடம் வந்தார்.

"முடியுமா மெர்சி? முடியலன்னா இப்பவே சொல்லிடு. புள்ளைங்க படிப்பு இதுல இருக்கு."

"என்னத்தான், என்னையப் போயி இப்புடிக் கேக்குறீங்க" என்றேன். என்ன திமிர் பாருங்கள்.

கூடம் நிறைந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் அப்போதுதான் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. ஊரே நல்ல மனநிலையில் இருந்தது. முன்வரிசையில் பஞ்சாயத்துத் தலைவர், வெள்ளை வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு. நான் அக்காவின் பட்டுப்புடவையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு.

மதாம் மெதுவாக, எனக்காக வார்த்தை வார்த்தையாகப் பேசினார். வணக்கம், நன்றி, அழகான ஊர். எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு, நாம் எல்லோரும் 'பெஷேர்' என்றார்.

பெஷேர் எனக்குத் தெரிந்த வார்த்தை. மீன் பிடிக்கிறவர். சந்தைப் பாடத்தில் வந்தது. (அதே சத்தத்தில் இன்னொரு வார்த்தை உண்டு, அதற்குப் பாவி என்று பொருள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சந்தை உண்டு, மீன் உண்டு, பாவம் கிடையாது. நான் என்ன செய்வேன்?)

"நாம எல்லாருமே மீனவர்கள்னு சொல்றாங்க" என்றேன்.

கூடத்தில் கைதட்டல். தலைவர் கட்டிய கையை அவிழ்த்தார். நானே பெரிய பெஷேர்தான் என்றார் மதாம். இவங்களும் பெரிய மீனவராம் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், விசைப்படகா ஃபைபர் படகா என்று கேட்டார். ஆண்டவர் பெஷேர்களைத் தேடித்தான் வந்தார் என்றார் மதாம். மீனவர்களைத் தேடி ஆண்டவர் கடற்கரைக்கே வந்தார் என்று நான் கைக்காசு போட்டது மாதிரி கடற்கரையையும் சேர்த்துச் சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெண்கள் பக்கம் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் மதாம் குரலைத் தாழ்த்தி, உருக்கமாக, இனிமேல் யாரும் 'பெஷே' செய்ய வேண்டாம் என்றார்.

எனக்குள் ஏதோ இடித்தது. ஆனால் கைதட்டல் வாங்கிய வாய் நிற்குமா?

"இன்னைலேருந்து யாரும் மீன் பிடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

தலைவர் கையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். அத்தானின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்த அதே அம்மா எழுந்து, மீன் பிடிக்காமல் மண்ணையா தின்பது என்று கேட்டார். ஆளாளுக்குப் பேசினார்கள். அரசாங்கம் அனுப்பிய ஆள், துறைமுகம் கட்ட வந்த ஆள் என்று மதாமுக்கு நிமிடத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

தலைவர் எழுந்தார். "போதகர் ஐயா, தடைக்காலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. தொழில விடச் சொல்றதுக்கா எங்க கூடத்தயே கேட்டீங்க? நாளைலேருந்து டியூஷன் வேணாம்."

அத்தான் என் காதருகே, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்களா, இன்னொரு முறை கேள் என்றார். மதாமிடம் திரும்பி, என் பிரெஞ்சையெல்லாம் திரட்டி, "மதாம், மீன் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

யாரோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்த மதாமுக்கு முகம் மலர்ந்தது. ஐயோ, மீன் என்றால் எனக்கு உயிர் என்றார். நான் அதை உண்மையாக, ஒழுங்காக, தப்பே இல்லாமல் மொழிபெயர்த்தேன்.

"மதாமுக்கு மீன் பிடிக்கும்னு சொல்றாங்க."

"அது சரி. நாங்க பிடிக்கக் கூடாது, இவங்க பிடிப்பாங்களா?" என்றார் தலைவர்.

அக்காதான் ஓடி வந்தாள். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து மதாமின் வாய்க்கு நேரே நீட்டி, திரும்பச் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினாள். மதாம் சொன்னார். கைப்பேசி கணீரென்று, 'மீன் பிடிப்பதை நிறுத்துங்கள்' என்றது. (பார்த்தீர்களா என்று எனக்கு ஒரு நொடி அற்ப சந்தோஷம்கூட வந்தது.)

ஆனால் திரையில் பிரெஞ்சு எழுத்தும் வந்திருந்தது. மதாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பாவம் செய்வதற்கும் மீன் பிடிப்பதற்கும் எழுத்தில் ஒரே வித்தியாசம், ஓர் எழுத்தின் தலையில் கோடு இருக்கிறதா தொப்பி இருக்கிறதா என்பதுதான். கோடு என்றால் பாவம், தொப்பி என்றால் மீன். திரையில் தொப்பியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். வலை வீசுவது போல் வீசிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு இரண்டு கையையும் குறுக்கே கொண்டுபோய்க் காதைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், எல்லோர் முன்பும் தோப்புக்கரணம் போட்டார். டியூஷனில் தினமும் பார்க்கிறாரே!

பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள்: "தப்பு! தப்பு பண்ணக் கூடாதாம்!"

தலைவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அதன் பிறகு கூடமே சிரித்தது. மதாமின் கையைப் பிடித்து ஒரு பெண் நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்றாவது தோப்புக்கரணத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது, பாவம்.

"தப்பு பண்றத வேணா கொறச்சிக்கிறோம்" என்றார் தலைவர். "மீன் பிடிக்கறத விட முடியாது. டியூஷன் நடக்கட்டும், ஐயா. ஆனா இந்தப் பொண்ணு பிரெஞ்சு மட்டும் சொல்லிக் குடுக்க வேணாம்."

அத்தான் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பெரிய மீனவர், உள்ள வாங்க" என்றார். அக்கா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

டியூஷன் இன்றும் அதே கூடத்தில்தான் நடக்கிறது. நான் கணக்கு சொல்லித் தருகிறேன். அந்த ஊரில் பிள்ளைகள் ஏதாவது வாலாட்டினால், 'என்னடா, மீன் பிடிச்சியா?' என்று கேட்கிறார்கள். என் கல்யாணத்துக்குத் தலைவர் வீட்டிலிருந்து ஒரு கூடை வஞ்சரம் வந்தது, ஊர்ப் பாவம் மொத்தமும் இதில் இருக்கிறது என்ற செய்தியோடு. என் வீட்டுக்காரர் அன்றைக்கு அந்தக் கேலியைப் பிடித்துக்கொண்டவர்தான், இன்னும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட சந்தையிலிருந்து வந்தவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்:

"மெர்சி, ரெண்டு கிலோ பாவம் வாங்கியாந்திருக்கேன். நல்லாச் சுத்தம் பண்ணியே குடுத்துட்டாங்க."