ரத்தம் கக்கிய எலுமிச்சை

அனகாபுத்தூரில் வார்டு தேர்தல். நிற்பவர் யோக்கியரா என்று விசாரிப்பதெல்லாம் பழைய பழக்கம். இப்போது எலுமிச்சம்பழத்தை அறுத்தால் போதும்!

இந்த விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்தவர் சூர்யநாராயண சுவாமிகள். வேட்பாளர் பெயரைச் சொல்லிப் பழத்தை அறுப்பார். கவுன்சிலர் ரத்தினத்தின் பெயருக்குப் பழம் சமர்த்தாக இருக்கும். எதிர்த்து நிற்கும் அமலராணி என்றால் ரத்தம் கொட்டும். அவர் ஜெயித்தால் அடையாறு ஊருக்குள் புகும் என்று அர்த்தமாம். போன மழைக்கே புகுந்ததே, அப்போது கவுன்சிலர் யார்? யாரும் கேட்கவில்லை. வீடியோ மட்டும் வாட்ஸ்அப்பில் ஏறிப் பம்மல், தாம்பரம் என்று ஓடியது. கால்வாயைத் தூர்வாருவேன் என்று ஓட்டுக் கேட்டு வந்த அமலராணியைக் கண்டு கதவுகள் சாத்திக்கொண்டன.

மீன் விற்கும் குப்பம்மாவும் பயந்துவிட்டார்.

"ராணிக்குத்தான் போடலாம்னு இருந்தேன். பழமே ரத்தம் கக்குது, நான் இன்னா பண்றது?"

"என்கூட வாங்கக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ஷர்மிளா. தாம்பரத்தில் ஆபீஸ் வேலை. போன வெள்ளத்தில் அவள் வீட்டுக் கட்டில் மிதந்தது.

சுவாமிகள் முன்னால் நல்ல கூட்டம். ஷர்மிளா அமலராணிக்காக வீடு வீடாய்ப் போனவள் என்பது அவருக்குத் தெரியும். தெய்வம் சொல்லவில்லை, ரத்தினத்தின் ஆட்கள் சொன்னது.

"சாமி, பேரை இந்த அக்கா காதுல மட்டும் சொல்றேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்க அறுங்க."

ஷர்மிளா குப்பம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். அமலராணி பெயராகத்தான் இருக்கும் என்று சுவாமிகள் புன்னகைத்தார். தட்டிலிருந்த இரண்டு கத்திகளில் ஒன்றை எடுத்து அறுத்தார். ரத்தம்!

"யார் பேரைச் சொன்னேன், அக்கா?" என்றாள் ஷர்மிளா.

"ரத்தினம்" என்றார் குப்பம்மா.

"அப்போ ரத்தினந்தான் பேஜாரு புடிச்ச ஆளா?" என்றது ஒரு குரல். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. ஷர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அதுவும் இல்லைங்க!"

அதே கத்தியைப் பிடுங்கினாள். "முருங்கைக்காய்!" என்று சொல்லி இன்னொரு பழத்தை அறுத்தாள். ரத்தம்.

"முருங்கைக்காயும் எலெக்‌ஷன்ல நிக்குதா?" என்று கூட்டத்தைக் கேட்டாள்.

சிரிப்பு வெடித்தது. மற்ற கத்தியை எடுத்து "அமலராணி" என்று அறுத்தாள். பழம் வெறும் பழமாக இருந்தது.

"ஒரு கத்தியில செம்பருத்திச் சாறு தடவிக் காயவெச்சிருக்காரு. புளிப்பு பட்டா செவக்கும். உங்க வீட்டுலயே செஞ்சு பாருங்க."

"தெய்வக் குத்தம்!" என்று கத்தியபடியே சுவாமிகள் செருப்பைத் தேடினார்.

"அப்போ யாருக்குத்தாம்மா போடறது?" என்றார் குப்பம்மா.

"நான் சொன்னேன்னும் போடாதீங்கக்கா. வூட்டுக்குள்ள தண்ணி ஏன் வருதுன்னு கால்வாயப் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கொஞ்சம் பேர் போனார்கள். கால்வாய் பாதி வழியிலேயே முடிந்திருந்தது. அதன் மேல் ரத்தினத்தின் கல்யாண மண்டபம், இத்தனை வருஷமாக, பட்டப்பகலில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. கண்ணே போதும், திறந்து வைத்திருந்தால்.