கன் ஆன்ட்டியிடம் நீட்டிய நெற்றி

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் லேடீஸ் பி.ஜி. விடுதியிலிருந்து கன் ஆன்ட்டியால் சுடப்படாமல் ஒருத்தியும் வேலைக்குப் போனதில்லை. கொரோனா காலத்தில் எல்லா வாசலிலும் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கித் தெர்மாமீட்டர்தான் அவர் ஆயுதம். கொரோனா போனது, மாஸ்க் போனது, ஆன்ட்டி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுபவர், பி.ஜி.யை நடத்தியவர். பெயரை யாரும் கேட்டதில்லை. காலையில் வெளியே கம்பெனி கேப் ஹாரன் அடிக்கும். உள்ளே நாங்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல் வரிசையில் நிற்போம்.

"நிமிரு. கண்ணக் காட்டு. நாக்க நீட்டு."

கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரையும் சுட்டார். கட்டட ஓனர் வந்தபோது அவரையும் சுட்டார். மனிதர் பயந்து கையைத் தூக்கிவிட்டார். எல்லோருக்கும் எப்போதும் 97.4 தான். பெங்களூரிலேயே ஆரோக்கியமான பி.ஜி. எங்களுடையது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. அதை முடிவு செய்யும் டெமோ நாள் வந்தது. எழுந்ததிலிருந்தே உடம்பு அனலாய் இருந்தது. பவுடரை அப்பிக்கொண்டு நெற்றியை நீட்டினேன். 97.4. தப்பித்தோம் என்று செருப்பை மாட்டினால், ஆன்ட்டி கதவை மறித்து நின்றார்.

"உள்ள போய்ப் படு. ஜுரம் அடிக்குது உனக்கு."

"ஆன்ட்டி, உங்க கன்னே இல்லேன்னு காட்டுது."

"அது யாருக்கு இருக்குன்னு காட்டிச்சு? கெட்டுப்போயி ரொம்ப நாளாச்சு."

அந்த ஜுரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம் எதுக்கு தினம் சுடறீங்க?"

"பின்ன? சும்னே மூஞ்சியக் காட்டுங்கடின்னா எவ நிப்பா? ஓடிருவீங்க. கண்ணு செவந்து கெடக்கு, போய்ப் படு."

கேபை அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து உண்மையான தெர்மாமீட்டரை எடுத்துவந்து என் அக்குளில் வைத்தார். 102. நெற்றியில் ஈரத்துணி, கையில் பூண்டுக் கஞ்சி. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். வேலை போயிற்று என்று நான் கையை நீட்டுவதற்குள் ஆன்ட்டி எடுத்துவிட்டார்.

"அவளுக்கு ஜுரம் சார், வரமாட்டா. ஏன், உங்க தொண்டையும் கட்டியிருக்கே? நாக்கு கசக்குதா? அப்ப மெளகு ரசம் வெச்சுக் குடிங்க. நீங்களும் வீட்டுக்குப் போய்ப் படுங்க."

டெமோ அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. வேலையும் நிரந்தரமானது. என் திறமையாலா, அந்த ரசத்தாலா என்று மேனேஜர் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது நான் இருக்கும் அபார்ட்மென்ட்டில், கேமரா முகத்தைப் பார்த்துக் கேட்டைத் திறக்கிறது. நான் யார் என்பது அதற்குத் தெரியும். எப்படி இருக்கிறேன் என்று தெரியாது. உடம்பு சரியில்லாத நாட்களில் என்னையறியாமல் அதன்முன் நெற்றியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில் ஆன்ட்டி இருந்தால் நாக்கையும் நீட்டியிருப்பேன்.